மகுடம் வந்தது... ஆறு புள்ளி போனது!



ஆண்டு மலர் என்றால் ஒரு தன்னம்பிக்கைக் கட்டுரை, அம்மாவைப் பற்றி நாலு கவிதை, கடைசியில் ஒரு ஜோக்ஸ் பக்கம் கட்டாயம் இருக்கும். அவற்றுக்கு நடுவில் இது ஒரு கணக்குக் கட்டுரை. உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! எம்-ஒன், எம்-டூ அளவுக்கெல்லாம் போக மாட்டேன். கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும். கடைசியில் நம் மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கையும் வைத்திருக்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

முதலில் ஒரு கேள்வி.

2024 டிசம்பர் 12. சிங்கப்பூர். நம்ம சென்னைப் பையன் குகேஷ், சீனாவின் டிங் லிரனை வென்று உலக செஸ் சாம்பியன் ஆனார். 14 ஆட்டங்கள். குகேஷுக்கு ஏழரை, டிங்குக்கு ஆறரை. வயது வெறும் 18! தமிழ்நாடே பட்டாசு வெடித்தது. சரி, உலகத்தையே ஜெயித்த பிறகு குகேஷின் ரேட்டிங் எவ்வளவு ஏறியிருக்கும்?

பத்துப் புள்ளி? ஐம்பது? நூறு?

ஏறவே இல்லை, நண்பர்களே. இறங்கியது! 2783 இருந்தது, 2777 ஆனது. மகுடத்தைப் பறிகொடுத்த டிங்குக்கோ 2728 இருந்தது, 2734 ஆனது. ஜெயித்தவருக்கு ஆறு புள்ளி நஷ்டம், தோற்றவருக்கு ஆறு புள்ளி லாபம். "என்னடா இது, அநியாயமா இருக்கே!" என்று நம் மெஸ் மேஜையில் ஒருத்தன் கத்தியேவிட்டான். அநியாயமே இல்லை. இந்த ஆறு புள்ளி ஏன் போனது என்று புரிந்துகொண்டால், ரேட்டிங் மட்டுமில்லை, நம் தலையில் எழுதப்பட்டிருக்கும் மற்ற எண்களையும் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பிப்போம்.

எலோ என்ற பேராசிரியர்

செஸ் ரேட்டிங்கை ‘எலோ’ என்கிறோம். பலர் அது ஏதோ சுருக்கெழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர். அர்பாத் எலோ. 1903-ல் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். மில்வாக்கி நகரத்தின் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். நன்றாகச் செஸ் ஆடக்கூடியவர். அவர் வகுத்த முறையை அமெரிக்க செஸ் சம்மேளனம் 1960-லும், உலக சம்மேளனமான ஃபிடே 1970-லும் ஏற்றுக்கொண்டன. எலோ 1992-ல் காலமானார். அவர் பெயரில் வந்த எண்ணை இன்று உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

அவர் முறையின் அடிப்படை ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் ரேட்டிங் ஒரு ஜோசியம் சொல்கிறது. ஆட்டம் முடிந்ததும் ஜோசியம் பலித்ததா என்று பார்க்கிறது. எவ்வளவு தப்பியதோ அந்த அளவுக்குத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அவ்வளவுதான்.

ஜோசியத்தின் கணக்கு இரண்டு பேருக்கும் உள்ள புள்ளி வித்தியாசத்தைப் பொறுத்தது. வித்தியாசமே இல்லையென்றால் ஆளுக்குப் பாதி. 100 புள்ளி என்றால் மேலே இருப்பவருக்கு நூற்றுக்கு 64, கீழே இருப்பவருக்கு 36. 200 என்றால் 76-க்கு 24. 300 என்றால் 85-க்கு 15. 400 என்றால் 91-க்கு 9. (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று வைத்துக்கொண்ட கணக்கு இது.)

யானைக்கும் அடி சறுக்கும் என்று பழமொழியாகச் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுவோம். எலோ அந்தச் சறுக்கலையும் எண்ணாக எழுதி வைத்தார். 400 புள்ளி மேலே இருக்கிற யானைக்குக்கூட நூற்றுக்கு ஒன்பது சறுக்கல்!

இப்போது ஓர் உதாரணம். உங்களுக்கு 1000, எதிராளிக்கு 1200. உங்களிடம் எதிர்பார்ப்பது 0.24. ஓர் ஆட்டத்துக்குத் திருத்தம் அதிகபட்சம் 20 புள்ளி என்று வைப்போம். நீங்கள் ஜெயித்தால் 20 × (1 − 0.24). அதாவது 15.2 புள்ளி லாபம். தோற்றால் 20 × 0.24. அதாவது 4.8 புள்ளி மட்டும் நஷ்டம். டிரா செய்தால்கூட 5.2 லாபம். நூறு ஆட்டம் ஆடி, ஜோசியம் சொன்னபடியே 24 ஜெயித்து 76 தோற்றால்? லாபம் 24 × 15.2 = 364.8. நஷ்டம் 76 × 4.8 = 364.8. ரேட்டிங் இம்மிகூட நகராது!

கவனியுங்கள். நூற்றில் 76 ஆட்டம் தோற்ற ஒருவனை, "நீ எங்கே இருக்கணுமோ சரியாக அங்கேதான் இருக்கிறாய்" என்று இந்தக் கணக்கு மரியாதையாக நடத்துகிறது. ‘ஃபெயில்’ என்று சிவப்பு மையில் எழுதவில்லை.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். குகேஷுக்கும் டிங்குக்கும் இருந்த வித்தியாசம் 55 புள்ளி. அதற்கான எதிர்பார்ப்பு ஆட்டத்துக்குச் சுமார் 0.58. பதினாலால் பெருக்கினால் 8.1. குகேஷ் எடுத்தது 7.5. குறைந்தது 0.6. அந்த உயரத்தில் இருப்பவர்களுக்குத் திருத்தம் ஆட்டத்துக்கு 10 புள்ளிதான். ஆகவே ஆறு புள்ளி போனது. கணக்கு பைசா சுத்தம்.

அன்றைக்கு உலக ரேட்டிங் பட்டியலில் குகேஷ் ஐந்தாவது இடம். முதலிடம் நார்வேயின் கார்ல்சன். ஐந்தாம் இடத்தில் இருந்தவர் உலக சாம்பியன்! பட்டம் என்பது அந்தப் பதினாலு ஆட்டத்தில் நீ என்ன சாதித்தாய் என்பதற்கு. ரேட்டிங் என்பது அடுத்த ஆட்டத்தில் உன்னிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பதற்கு. இரண்டும் வேறு வேறு. செஸ் உலகம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்லை. நாம்தான் எல்லாவற்றையும் ஒரே மார்க் ஷீட்டில் போட்டு அரைத்துவிடுகிறோம்.

நம்ம லேப் பாஷையில் சொன்னால்...

கண்ட்ரோல் சிஸ்டம் படித்தவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. ஃபர்னஸில் வெப்பம் 800 டிகிரி இருக்க வேண்டும். சென்சார் 780 காட்டுகிறது. வித்தியாசத்தை ‘கெயின்’ என்ற எண்ணால் பெருக்கித் திருத்துகிறோம். கெயின் அதிகமானால் ஊசி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். குறைந்தால் ஆமை வேகம். செஸ் ரேட்டிங்கில் அந்தக் கெயினுக்குப் பெயர் ‘கே’.

ஃபிடே அந்த ‘கே’யை எப்படி வைத்திருக்கிறது பாருங்கள். புதிதாக வந்தவருக்கு முதல் 30 ஆட்டம் வரை 40. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, 2300-க்குக் கீழே இருக்கும்வரை அதே 40. மற்றவர்களுக்கு 20. ஒருமுறை 2400-ஐத் தொட்டுவிட்டால் 10. அதாவது, சின்னப் பையன் வேகமாக வளர்வான், அவன் பழைய எண்ணை ரொம்ப நம்பாதே, சீக்கிரம் மாற்று என்கிறது சட்டமே. எவ்வளவு கருணையான சட்டம்!

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவனுடைய உண்மையான திறமையைவிட அவன் ரேட்டிங் நூறு புள்ளி குறைவாக இருக்கிறது. தன் ரேட்டிங்குக்குச் சமமானவர்களோடு ஆடுகிறான். கே 20 என்றால் சுமார் 25 ஆட்டத்தில் அந்தக் குறையில் பாதி சரியாகிவிடும். கே 40 என்றால் பத்துப் பன்னிரண்டு ஆட்டமே போதும். பழைய தோல்வி கரைந்துகொண்டே போகும். என்றைக்கோ ஒரு நாள் ராணியைக் கோட்டை விட்டதற்காக ஆயுளுக்கும் தண்டனை கிடையாது.

இன்னொரு விஷயம், அளவின் நம்பகம். ஒர்க்ஷாப்பில் ஒரு டிராயிங் வந்தால் வெறும் 25 மி.மீ. என்றா இருக்கும்? 25-க்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் போட்டு ஒரு டாலரன்ஸ் இருக்கும். டாலரன்ஸ் இல்லாத அளவை ஃபோர்மேன் அளவாகவே மதிக்க மாட்டார். எலோவுக்கும் இது தெரியும். ஆட்டத்திறனை அளப்பது எப்படிப்பட்ட வேலை என்பதை அவரே ஓர் உவமையால் விளக்கினார். கலங்கி ஆடும் தண்ணீரில் ஒரு தக்கை மேலும் கீழும் மிதக்கிறது. காற்றில் ஊசலாடும் கயிற்றில் ஓர் அளவுகோலைக் கட்டி அந்தத் தக்கையை அளப்பது போன்றதாம்! தன் கருவியைப் பற்றி இவ்வளவு அடக்கமாகப் பேசிய விஞ்ஞானி எத்தனை பேர்?

பிறகு 1995-ல் மார்க் கிளிக்மன் என்ற அமெரிக்கர் ‘கிளிக்கோ’ என்ற முறையைக் கொண்டுவந்தார். அதில் ரேட்டிங்கோடு அதன் நிச்சயமின்மையும் சேர்ந்தே வரும். நம் பசங்க செல்போனில் ஆடுகிறார்களே, அந்த லிசெஸ்ஸில் ஓடுவது கிளிக்கோ வழி வந்த முறைதான். புதிதாகச் சேர்ந்தவுடன் 1500 என்று போட்டுப் பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறியும் போடுவான். "உன்னைப் பற்றி எனக்கு இன்னும் சரியாகத் தெரியாதப்பா" என்று அர்த்தம். (அந்த 1500-ஐ வைத்துக்கொண்டு "நான் ஃபிடேயில் 1500-க்குச் சமம்" என்று காலர் தூக்கும் நண்பர்கள் கவனிக்க. இரண்டும் வேறு வேறு குளம், வேறு வேறு மீன்.)

கிணற்றுத் தவளையும் ரேட்டிங்கும்

குளம் என்றதும் ஞாபகம் வருகிறது. ரேட்டிங்குக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. அது யாரோடு ஆடினாய் என்பதை மட்டும்தான் பார்க்கும். வெளியே இருக்கும் உலகம் அதற்குத் தெரியாது.

அமெரிக்காவில் கிளாட் பிளட்குட் என்று ஒருவர். கொலைக் குற்றத்துக்காக வர்ஜீனியா மாநிலச் சிறையில் இருந்தவர். உள்ளேயே சக கைதிகளோடு ஆடிக்கொண்டே இருந்தார். கைதிகளுக்கும் ரேட்டிங், இவருக்கும் ரேட்டிங். ஆடி ஆடி 1990-களின் நடுவில் 2700-ஐத் தாண்டி, அமெரிக்கப் பட்டியலில் இரண்டாவது இடத்துக்கே வந்துவிட்டார்! அவரிடம் அந்த அளவு திறமை இருந்ததா என்றால், இல்லை. கணக்கில் பிழையா என்றால், அதுவும் இல்லை. மதில் சுவருக்குள் மட்டும் சுற்றிய புள்ளிகள் வெளியுலகப் புள்ளிகளோடு கலக்கவே இல்லை. அதுதான் கோளாறு.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. திறமை வேகமாக வளரும் ஊரில் ரேட்டிங் பின்தங்கிவிடும். சின்னப் பிள்ளைகள் குறைந்த எண்ணோடு உள்ளே வந்து, மளமளவென்று வளர்ந்து, பெரியவர்களின் புள்ளிகளைச் சாப்பிட்டுவிடுவார்கள். மொத்தத்தில் எல்லோர் எண்ணும் இறங்கும், ஆட்டம் மட்டும் இறங்காது. ஃபிடேவே இதை ஒத்துக்கொண்டு 2024 மார்ச் 1-ம் தேதி ஒரு திருத்தம் செய்தது. 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும், 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நூற்றுக்கு நாற்பது பங்கை ஒரே நாளில் கூட்டிக் கொடுத்தது. 1500 வைத்திருந்தவர் 1700 ஆனார். 1800 வைத்திருந்தவர் 1880 ஆனார். பட்டியலின் அடிமட்டம் 1000-லிருந்து 1400-க்கு உயர்ந்தது. "எங்கள் அளவுகோல் சுருங்கிவிட்டது, மன்னிக்கவும்" என்று உலக அமைப்பே சொன்ன மாதிரி!

மாமல்லபுரம் சொன்ன பாடம்

இதை நாம் நம் வாசலிலேயே பார்த்தோம். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட். நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். வேட்டி கட்டிய ‘தம்பி’ குதிரை ஊரெல்லாம் கும்பிட்டுக்கொண்டு நின்றது. சிட்கோ எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து டீ குடிக்கிற அண்ணன்கள்கூட "இன்னிக்கு நம்ம பசங்க என்னாச்சு?" என்று கேட்டார்கள்.

அணிகளை ரேட்டிங் சராசரிப்படிதான் வரிசைப்படுத்தினார்கள். பொதுப் பிரிவில் முதலிடம் அமெரிக்கா. இரண்டாவது இந்தியாவின் முதல் அணி. குகேஷ், பிரக்ஞானந்தா, அதிபன், நிஹால் சரின், ரௌனக் சத்வானி என்று இளசுகள் நிறைந்த நமது இரண்டாவது அணிக்குப் பதினோராவது இடம். கடைசியில் நடந்தது என்ன? தங்கம், பதினாலாவது இடத்தில் வைக்கப்பட்ட உஸ்பெகிஸ்தானுக்கு. வெள்ளி, பன்னிரண்டாவதான ஆர்மீனியாவுக்கு. வெண்கலம், பதினோராவதான நம் இளசுகளுக்கு! நடுவில் முதலிட அமெரிக்காவையே அவர்கள் மூன்றுக்கு ஒன்று என்று வீழ்த்தினார்கள். குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்தார். நமது முதல் அணி நான்காவது, அமெரிக்கா ஐந்தாவது.

ரேட்டிங் பொய்த்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. வளர்கிற பிள்ளைகளின் எண் அவர்கள் வளர்ச்சிக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். நமக்குப் பெருமை என்னவென்றால், அந்த அணியை அனுப்பியவர்கள், "முதலில் எண்ணைக் கொண்டு வா, அப்புறம் பலகையில் உட்காரலாம்" என்று சொல்லவில்லை. உட்கார வைத்தார்கள்.

அதற்கு முன்னாலும் சென்னையில் அப்படித்தான் நடந்தது. நம் மேனுவல் ஆரோன் 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனபோது ஃபிடே ரேட்டிங்கே கிடையாது. 1972-ல் சோவியத் கலாசார மையத்தில் டால் செஸ் கிளப் தொடங்கியது. சின்னப் பையன் விஸ்வநாதன் ஆனந்த் அங்கே போய் ஆடினார். ஜெயித்தவன் நாற்காலியிலேயே இருப்பான், தோற்றவன் வரிசையின் கடைசிக்குப் போவான். அதுதான் அங்கே ரேட்டிங். அந்த வரிசையில் நின்றவர்தான் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். வரிசையின் கடைசிக்குப் போனாலும் மறுபடி முறை வரும் என்பதுதான் அங்கே முக்கியம்.

மறுபடி முறை வராத எண்

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன்.

என் வகுப்பில் ஒரு நண்பன். குன்றத்தூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவன். முதல் செமஸ்டரில் மேத்ஸ் அரியர். அடுத்த செமஸ்டரிலேயே எழுதித் தூக்கிவிட்டான். ஐந்தாவது செமஸ்டரில் வகுப்பில் மூன்றாவது மார்க். திருமுடிவாக்கத்தில் இன்பிளான்ட் டிரெயினிங் போன பட்டறையில் ஃபோர்மேனே அவனைக் கூப்பிட்டு, "தம்பி, செட்டிங்கை நீ போடு" என்பார். இந்த வருஷம் கேம்பஸுக்கு வந்த ஒரு கம்பெனி, அரியர் வைத்த ‘ஹிஸ்டரி’யே இருக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டது. அவன் பெயர் பட்டியலிலேயே ஏறவில்லை. இன்டர்வியூவில் தோற்றிருந்தால்கூட மனசு ஆறும். பலகையிலேயே உட்கார விடவில்லையே!

செஸ்ஸில் இப்படி ஒரு சட்டம் போட்டுப் பாருங்கள். "பத்து வயதில் ஒரு போட்டியில் தோற்றவன் கேண்டிடேட்ஸ் போட்டியில் ஆடக்கூடாது." உலகம் சிரிக்காதா? 2024-ல் டொரண்டோவில் நடந்த மகளிர் கேண்டிடேட்ஸில் நம்ம வைஷாலி தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்றார். அதோடு கதை முடிந்தது என்றார்கள். கடைசி ஐந்து ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ‘ஹிஸ்டரி’ பார்த்து அனுப்பியிருந்தால் அந்த ஐந்து வெற்றி எங்கே போயிருக்கும்?

"வேலை கொடுப்பவனுக்கு ஆயிரம் பேர் விண்ணப்பம் போட்டால் எப்படித்தான் வடிகட்டுவான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வடிகட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடைசி இரண்டு செமஸ்டருக்கு அதிக எடை, முதல் செமஸ்டருக்குக் குறைந்த எடை என்று போட முடியாதா? பத்து வயதுப் பையனுக்கு ஃபிடே அதைத்தான் செய்கிறது. பதினைந்து, பதினாறு வயதில் முதன்முதலாக இங்கிலீஷில் பரீட்சை எழுதிய டிப்ளமோ பையனுக்கு அந்தக் கருணை கூடாதா?

கேட்க வேண்டியது கம்பெனிகளை மட்டுமல்ல. நம்மையும்தான். ஹாஸ்டலில், "அவன் எழுபத்தஞ்சு பர்சன்ட் மச்சி, அவன்கூட உன்னால பேச முடியுமா?" என்று நாமேதான் பேசுகிறோம். ரேட்டிங் குறைந்துவிடுமே என்று போட்டிக்கே போகாமல் எண்ணை லாக்கரில் வைத்துப் பூட்டுகிறவர்கள் செஸ்ஸிலும் உண்டு. குறைந்த ரேட்டிங்காரர்களுக்கான போட்டியில் பரிசு தட்டுவதற்காக வேண்டுமென்றே தோற்று எண்ணைக் கீழே வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இருவருக்கும் ஒரே வியாதி. ஆட்டத்துக்காக வந்த எண்ணை, எண்ணுக்காக ஆட்டம் என்று தலைகீழாக்கிவிட்டார்கள். கஷ்டமான எலக்டிவ் எடுத்தால் பர்சன்டேஜ் குறையும் என்று சுலபமானதாகப் பார்த்து எடுக்கிற நாம் இவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

பேரவைக்கு ஒரு கோரிக்கை

ஊர் உலகத்தை மாற்றுவது இருக்கட்டும். நம் கையில் இருப்பதை மாற்றலாம். ஆண்டுதோறும் ஸ்போர்ட்ஸ் டேக்கு நாம் செஸ் போட்டி நடத்துகிறோம். நாக்-அவுட்! 64 பேர் பெயர் கொடுத்தால், முதல் சுற்றிலேயே 32 பேர் வீட்டுக்கு. ஒரு ஆட்டம், அரை மணி நேரம், போட்டி முடிந்தது. அதிலும் முதலாமாண்டுப் பையன் மூன்றாமாண்டு சீனியரிடம் மாட்டினால், அடுத்த ஆண்டு பெயரே கொடுக்க மாட்டான்.

என் யோசனை நான்கு.

ஒன்று: நாக்-அவுட்டை விட்டுவிட்டு சுவிஸ் முறைக்கு வருவோம். யாரும் வெளியேற மாட்டார்கள். ஜெயித்தவர் ஜெயித்தவரோடு, தோற்றவர் தோற்றவரோடு அடுத்த சுற்று ஆடுவார்கள். 64 பேர், ஆறு சுற்று, ஆளுக்கு ஆறு ஆட்டம். நாக்-அவுட்டில் மொத்தமே 63 ஆட்டம்தான். சுவிஸ்ஸில் 192! தேவை 32 போர்டு. ஹாஸ்டலிலும் வீட்டிலும் தூங்குகிற போர்டுகளைக் கொண்டுவந்தாலே போதும்.

இரண்டு: ஒரு ரேட்டிங் நோட்டுப் புத்தகம். எல்லோருக்கும் 1000 என்று தொடங்குவோம். மேலே சொன்ன 64-36, 76-24 கணக்கை முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் புள்ளி போடலாம். முதல் 30 ஆட்டத்துக்குக் கே 40, பிறகு 20. கம்ப்யூட்டர் பிராஞ்ச் நண்பர்கள் மனசு வைத்தால் ஒரு மாலையில் புரோகிராம் எழுதிவிடுவார்கள்.

மூன்று: பிளட்குட் கதை ஆகிவிடக்கூடாது. ஹாஸ்டல்காரன் ஹாஸ்டல்காரனோடு மட்டும், மெக்கானிக்கல் மெக்கானிக்கலோடு மட்டும் ஆடினால் நமக்கும் மதில் சுவர்தான். டே ஸ்காலர், தோழியர், முதலாமாண்டு எல்லோரும் கலக்க வேண்டும். முடிந்தால் பல்லாவரம், தாம்பரம் பக்கத்துக் கல்லூரிகளையும், எஸ்டேட்டில் அப்ரென்டிஸ் இருக்கும் ஐ.டி.ஐ. நண்பர்களையும் ஞாயிற்றுக்கிழமை அழைப்போம். நம் எண்ணின் உண்மையான மதிப்பு அப்போதுதான் தெரியும்.

நான்கு: ரேட்டிங்குக்குப் பரிசே கூடாது. போட்டியில் ஜெயித்தவருக்குக் கோப்பை கொடுப்போம். கூடவே இன்னொரு பரிசு, எதிர்பார்த்ததைவிட யார் அதிகம் எடுத்தாரோ அவருக்கு. ஆறு ஆட்டத்தில் ஒன்றரைப் புள்ளி எதிர்பார்த்த இடத்தில் மூன்று எடுத்த பையன் மேடையேற வேண்டும். சாம்பியனுக்குக் கிடைக்கிற கைதட்டல் அவனுக்கும் கிடைக்க வேண்டும். குகேஷுக்கு ஆறு புள்ளி குறைத்த அதே கணக்கு, நம் முதலாமாண்டுப் பையனை மேடை ஏற்றட்டுமே!

"விளையாட்டிலுமா கணக்கு? ஏற்கெனவே இன்டர்னல் மார்க், அட்டெண்டன்ஸ் என்று எண்ணில் மூழ்கிக் கிடக்கிறோமே" என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு என் பதில்: எண் நமக்கு எதிரி இல்லை. ஒருமுறை எழுதிவிட்டு அழிக்கவே முடியாத எண்தான் எதிரி. தினமும் தப்புச் செய்து தினமும் தன்னைத் திருத்திக்கொள்கிற ஓர் எண்ணோடு மூன்று வருஷம் பழகிப் பார்த்தவன், நாளைக்குச் சூப்பர்வைசராகவோ சொந்தப் பட்டறை முதலாளியாகவோ உட்காரும்போது, தன்னிடம் வேலை கேட்டு வருகிற பையனின் பழைய அரியரை எண்ணிக்கொண்டிருக்க மாட்டான். "வா தம்பி, மெஷினில் நின்று காட்டு" என்பான்.

பேரவைத் தேர்தல் முடிந்து புதிய செயலாளர் வரும்போது இந்த மலரை அவர் மேஜையில் வைக்கிறேன். நோட்டுப் புத்தகத்தை நானே வாங்கித் தருகிறேன். 200 பக்கம், கோடு போட்டது. முதல் பக்கத்தில் எழுத உங்கள் பெயரைக் கொடுங்கள். எல்லோருக்கும் 1000!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்,
திருமுடிவாக்கம்.